போன சனிக்கிழமைப் பாடம்

அடி விழுந்த சத்தம் மீனம்மாவுக்கு முதலில் அடியாகக் கேட்கவில்லை. யாரோ ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி இருந்தது. காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக்களத்தில் பனி இன்னும் விலகவில்லை. முன்னால் நின்ற பெண்களின் கூடைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோதுதான் தரையில் கிடப்பது தன் புருஷன் என்று தெரிந்தது.

பொன்னையா பிந்தி வந்தது உண்மை. மகள் நாகலெட்சுமியை வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார். சனிக்கிழமைகளில் இதுதான் வழக்கம். இருட்டோடு வயசுப் பெண்ணைத் தேயிலைக்குள்ளால் தனியே அனுப்ப அவருக்கு மனம் வருவதில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரத்துக்கு எப்படியும் வந்துவிடுவார். இன்று ரயில் பிந்திவிட்டது.

"காலேஜுக்காரி அப்பன் வர்றாரு, வழி விடுங்கடி," என்று கணக்கப்பிள்ளை சோலைமலை சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். நாலு பேர் கூடச் சிரித்தார்கள். பொன்னையாவும் சிரித்தார். அதோடு போயிருக்கலாம்.

"இன்னிக்கி ஒனக்கு அரைப்பேருதான். பாதி நாள் சம்பளம். போ."

"கவ்வாத்து மலையில நாள் பூரா வெட்டப் போறேனுங்களே. அரைப்பேரு எதுக்குங்க?"

அவ்வளவுதான் கேட்டார். பிரம்பு காதோடு சேர்த்து விழுந்தது. பொன்னையா படிக்கல்லில் சரிந்தார். அவர் கையிலிருந்த, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைச் சோலைமலை பிடுங்கினார், திருப்பிப் பிடித்தார், வளைந்த இரும்பின் முதுகால் வலது மணிக்கட்டில் ஓங்கிப் போட்டார். இப்போது கேட்டது விறகு முறிகிற சத்தம்.

"மக படிச்சா நீ கேள்வி கேப்பியாடா? கேப்பியா?" ஒவ்வொரு 'கேப்பியா'வுக்கும் பூட்ஸ் கால் விலாவில் இறங்கியது.

களத்தில் நின்ற அத்தனை பேரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீனம்மாவும்தான். கூடைக் கயிறு நெற்றியில் அழுந்த, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, வரிசையை விட்டு அசையாமல் நின்றாள். ஓடிப்போய்க் குறுக்கே விழ வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது நன்றாக ஞாபகமிருந்தது. ஆனால் கால் எழவில்லை. பயந்து நின்றாளா, பழக்கத்தில் நின்றாளா? அன்று முழுவதும் கொழுந்து கிள்ளும்போது அவள் இதையேதான் தனக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

அவள் புருஷன் போன வாரம் எப்படிச் சிரித்தார்! மகள் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் நடுவில் உட்கார்ந்து ஒரு கோப்பையில் மஞ்சளைக் கரைத்தாள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி விட்டாள். தண்ணீர் இரத்தமாகச் சிவந்தது. ஆலத்திக்கு அம்மா கலக்குகிறதுதான் என்றாள். பிறகு தேசிக்காயைப் பிழிந்தாள். சிவப்பு ஓடி மறுபடி மஞ்சள் வந்தது. "புளிப்பு அமிலம், சுண்ணாம்பு காரம். ஒண்ணோட ஒண்ணு சேந்தா ரெண்டும் செத்துரும். மிச்சம் உப்பும் தண்ணியும்தான்," என்றாள். பொன்னையா வரிசை வீடுகளாக நீண்ட லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். பஞ்சாயத்துக்கு வந்த மாதிரிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடினார்கள். நாகலெட்சுமி இன்னொரு தடவை செய்து காட்டினாள்.

அந்த மனிதரின் முறிந்த கையைத்தான் இப்போது இரண்டு பேர் தொங்கவிடாமல் தாங்கி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள்.

*

தலவாக்கலையில், பஸ் நிறுத்தத்துக்கு மேலேயிருந்த கல்லூரியின் ஆய்கூடத்தில், நாகலெட்சுமி சீனி கறுப்பாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர்களாகப் போகிறவர்கள் விஞ்ஞானத்தின் வாசனை தெரியாமல் போகக்கூடாது என்று கல்லூரி அதிபர் இந்த வருஷம் ஆரம்பித்த வகுப்பு அது. கலைப்பிரிவுக்காரர்களுக்கு இரசாயன அறிமுகம். பரீட்சை கிடையாது. அதனாலேயே பாதிப் பேர் தூங்கினார்கள். நாகலெட்சுமிக்கு மட்டும் வாரம் முழுவதும் இதற்காகக் காத்திருப்பது போல இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. தமிழும் சரித்திரமும் அவளுக்கு வேறு யாரோ வாழ்ந்ததைச் சொல்லின. இந்த மேசையில் நடப்பது அவள் கண் முன்னால், இப்போதே நடந்தது.

கணேசமூர்த்தி மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக் கிண்ணத்துச் சீனியின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றிவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார். வெள்ளைச் சீனி பழுத்தது, கறுத்தது, பிறகு உயிர் வந்த மாதிரி ஊதிக்கொண்டு கிண்ணத்தை விட்டு எழும்பியது. ஆவி கிளம்பியது. பின் வாங்குப் பலகையில் தூங்கியவர்கள்கூட எழுந்துவிட்டார்கள்.

"பிள்ளையள், சீனிக்குள்ள இருந்த தண்ணியை இது பிடுங்கிப்போட்டுது. உங்கட தோலுக்குள்ளயும் தண்ணிதான் இருக்கு. நீங்கள் கவிதை படிச்சு வந்தனீங்கள். இதுக்குக் கவிதை விளங்காது."

"மேல பட்டா சுண்ணாம்பு பூசலாமா சேர்?" என்று நாகலெட்சுமி கேட்டாள். "போன கிழமை, ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு அழிச்சிடும்னீங்களே."

மாஸ்டரின் முகம் மாறியது. "ஐயோ, அந்த வேலை பார்க்காதேங்கோ! கோப்பைக்குள்ள அழியும். அழியேக்க வாற சூடு உங்கட தோலிலயெல்லோ இறங்கும்? நீறாத சுண்ணாம்பெண்டால் கண்ணே அவிஞ்சுபோம். துடையுங்கோ. பிறகு தண்ணி. ஓடுற தண்ணி, நிறைய, நிறுத்தாமல். வேற ஒண்டும் வேண்டாம்."

அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. லயத்துக்கே பாடம் நடத்திவிட்டோமே, வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது வாசலில் பக்கீர் முதலாளியின் லொறி நின்றது. சாரதி மஃறூப் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். தம்பி கந்தப்பன் அந்த லொறியில்தான் கிளீனராக இருந்தான். இன்று மஃறூப் தனியாக வந்திருந்தான்.

"தங்கச்சி, ஏறுங்க. பேச நேரமில்ல."

"என்னாங்க நாநா?" அவனை அவள் அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

"காலையில ஒங்க தோட்டத்துக்கு அரிசி கொண்டு போனோம். வாப்பாவ... ஒங்க அப்பாவ கணக்கப்புள்ள அடிச்சிட்டாரு. கை முறிஞ்சிருக்கு. தம்பி டிஸ்பென்சரில போய்ப் பாத்தான். திரும்பி வர்றப்ப ஒரு வார்த்த பேசல. இப்பப் பாத்தா கராஜில பேட்டரி ஆசிட் போத்தல் ஒண்ணக் காணோம். அவனயும் காணோம். இன்னும் தண்ணி கலக்காத ஆசிட், தங்கச்சி."

அப்பா என்ற வார்த்தையில் அழுகை வர வேண்டும். வரவில்லை. அவள் மனம் நேராகக் கிண்ணத்துக்குப் போனது. எழும்பி எழும்பி வந்த அந்தக் கறுப்பு. சீனிக்குப் பதிலாக ஒரு மனித முகம். கந்தப்பனுக்குத் தூக்குக் கயிறு.

"கந்தப்பனுக்கு அதப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்தது. ஆய்கூடத்தில் ஒரு துளி பட்டதால் சேலையில் விழுந்த பொத்தலை வீட்டில் விரித்துக் காட்டி, எலும்பு வரைக்கும் தின்னும்டா என்று பெருமையாகச் சொன்னவள் அவள்தான்.

லொறி கிளம்பியது. பெரட்டுக்களத்தில் நடந்ததை, கணக்கப்பிள்ளை சிரித்ததிலிருந்து கத்தியைத் திருப்பிப் பிடித்தது வரைக்கும், மஃறூப் கேள்விப்பட்டபடி வழியில் சொன்னான். ரோட்டு வழி மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். தேயிலைக்குள்ளால் நடந்து போகிறவன் நேராக இறங்கிவிடுவான்.

*

கொழுந்து நிறுக்கிற கொட்டிலுக்கு மேலே, வரிசைத் தேயிலைக்கு நடுவில், கந்தப்பன் குப்புறப் படுத்திருந்தான். சாக்குக்குள் போத்தல். சாக்கை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான்.

டிஸ்பென்சரியில் அப்பா அழுதிருந்தால், அந்தக் கணக்கப்பிள்ளையை ஒரு வார்த்தை ஏசியிருந்தால், அவன் இங்கே வந்திருக்க மாட்டான். அப்பா சிரித்தார். உதடு கிழிந்து, ஒரு காது அடைத்து, கை மரச்சட்டத்துக்கு நடுவில் கிடக்க, மகனைப் பார்த்துச் சிரித்தார். "படியில வழுக்கி வுழுந்துட்டேன்டா. நீ வேலைக்கிப் போ, முதலாளி ஏசுவாரு."

அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. இதே சிரிப்பைத் தானும் ஒரு நாள் தன் மகனுக்குச் சிரிக்க வேண்டி வரும் என்று தோன்றியது. மணிக்கட்டு ஒட்டிவிடும். இது ஒட்டாது.

கீழே பெண்கள் கூடையோடு வரிசையில் வந்தார்கள். சோலைமலை தராசுக்குப் பக்கத்தில் குடையை ஊன்றி நின்று ஒருத்தியின் கொழுந்தைக் கிளறி, "இது என்னாடி, முத்தலாக் கெடக்கு? மாட்டுக்குப் புடுங்குனியா?" என்று விரட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி. அதுவும் பொறுக்கவில்லை.

கந்தப்பன் எழுந்தான். சரிவில் இறங்கினான். மூடியைக் கழற்றும்போது விரலில் சுட்டது. அப்போதாவது நின்றிருக்கலாம்.

வரிசையின் கடைசியில் நின்ற மீனம்மாதான் அவனை முதலில் பார்த்தாள். "டேய்!" என்றாள்.

சத்தம் கேட்ட பக்கம் சோலைமலை திரும்பினார். அவர் திரும்பியது மீனம்மாவின் பக்கம். ஆசிட் மறுபக்கத்திலிருந்து வந்தது.

முதலில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், யாரோ தண்ணீர் தெளித்துவிட்ட கோபத்தில். பிறகு அலறினார். அந்த மாதிரி ஒரு அலறலை அங்கே நின்ற யாரும் கேட்டதில்லை. இடது கன்னம், காது, கழுத்து, கண். கையால் அழுத்தினார், கையும் எரிந்தது. தராசில் மோதி, கொழுந்துக் குவியலில் விழுந்து, "ஆத்தா, ஆத்தா" என்று புரண்டார். அவர் சட்டை நெஞ்சில் ஓட்டை ஓட்டையாக விரிந்தது.

பெண்கள் சிதறினார்கள். யாரோ, "நல்லா வேணும்," என்றாள். யாரோ அவள் வாயைப் பொத்தினாள்.

கந்தப்பன் காலிப் போத்தலோடு நின்றான். தான் செய்தது எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவன் போல நின்றான். மீனம்மா அவன் சட்டையைப் பிடித்து மேட்டுப் பக்கமாகத் தள்ளினாள்.

"ஓடுடா! நிக்காத, ஓடு!"

"அம்மா, நான்..."

"ஓடுடா நாயே!" முதுகில் குத்தினாள். அவன் தேயிலைக்குள் மறைந்தான்.

காலையில் எழாத கால் இப்போது எழுந்தது. அது மீனம்மாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த ஆள் செத்தால் மகன் செத்தான். இந்த ஆள் கண்ணை இழந்தால் மகன் ஜெயிலில் கிழவனாவான். பிழைக்க வைக்க வேண்டும். எதால்? அவள் மகள் படித்தவள். மகள் சொல்லியிருக்கிறாள். தீபாவளிக்கு லயத்துக்கு வெள்ளையடிக்க இறக்கியிருந்த சுண்ணாம்பு பீப்பாய் கொட்டிலுக்குப் பின்னால்தான் இருந்தது, இன்னும் நீற்றாத கட்டியும் தூளுமாக. மீனம்மா ஓடினாள். முந்தானையில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

லொறி கிறீச்சிட்டு நின்றது. நாகலெட்சுமி இறங்கியபோது அம்மா அந்த முகத்தின் மேல் குனிந்து முந்தானையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! வேணாம்!"

"நீதானேடி சொன்ன! ரெண்டும் செத்துரும்னு நீதானே..."

பேசிப் புரியவைக்க நேரமில்லை. நாகலெட்சுமி பாய்ந்து அம்மாவின் கையில் ஓங்கி அறைந்தாள். சுண்ணாம்பு பறந்தது. மறுபடியும் அள்ளப்போன கையைப் பிடித்து முறுக்கி, அம்மாவைத் தரையில் தள்ளினாள். ஈரப் புல்லில் விழுந்த கட்டிகள் புகைந்து வெடித்தன.

"அது போன வாரத்துப் பாடம்மா!"

பெற்றவளை அடித்த கை இன்னும் விறைத்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைக் கிழித்து அந்த முகத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். துணி கறுத்துத் துண்டு துண்டானது. "நாநா, காலப் புடிங்க! பீலிக்கு!"

கொட்டிலுக்குக் கீழே கல்லிடுக்கிலிருந்து தகரத் தொட்டி வழியாக விழுகிற பீலி, பெண்கள் குளிக்கிற இடம். மஃறூப் கால்களைப் பிடித்தான். அவள் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். சோலைமலை பெரிய உருவம். தன்னைக் கொல்லத்தான் இழுக்கிறார்கள் என்று நினைத்து அவர் அடித்தார். முஷ்டி அவள் வாயில் விழுந்தது. பல்லில் இரத்தம் உப்புக் கரித்தது. விடவில்லை.

"என்னா நாகலெச்சிமி, மாப்பிள்ளயக் குளிப்பாட்டப் போறியா?" என்று ஒரு குரல் கத்தியது.

"விட்றீ. வெந்து சாகட்டும். ஒன் அப்பனுக்கு வலிக்கலியா?" என்றது இன்னொன்று.

யாரும் கை கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

பீலியின் அடியில் அவர் தலையைப் பிடித்தாள். மலைத்தண்ணீர் பனிக்கட்டியாகக் கொட்டியது. சட்டையைப் பிய்த்து எறிந்தாள். தலைமயிரை இடது கையால் முறுக்கிப் பிடித்து, வலது கையின் இரண்டு விரலால் மூடிய இமையைப் பிளந்தாள். தண்ணீர் நேராகக் கண்ணுக்குள் விழுந்தது. அவர் மாடு மாதிரிக் கத்தினார். அவள் விரல்கள் எரிந்தன, தோல் வழுக்கியது. ஓடுகிற தண்ணீர், நிறைய, நிறுத்தாமல். அதை மட்டும் நினைத்தாள்.

அதை மட்டும் நினைத்தாளா?

இந்தத் தலைதான் காலையில் சிரித்தது. இந்தக் கைதான் கத்தியைத் திருப்பிப் பிடித்தது. அப்பாவின் மணிக்கட்டை அவள் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காததால் அது அவளுக்குள் பெரிதாகிக்கொண்டே போனது. அழுத்தினாள். அழுத்த வேண்டும்தானே, திமிறுகிறாரே. இன்னும் அழுத்தினாள். கத்தல் கொப்பளிப்பாக மாறியது. கொப்பளிப்பு நின்றது. காலின் உதைப்பு தளர்ந்தது. எல்லாம் திடீரென்று லேசாகி, வேலை சுலபமான மாதிரி, அவளுக்குள் ஒரு அமைதி வந்தது.

"தங்கச்சி! மூச்சு! மூச்சு விட வைங்க, அல்லாவே!"

மஃறூப் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். மயிரைப் பிடித்துத் தலையைத் தூக்கினாள். சோலைமலை தண்ணீரைக் கக்கினார், இருமினார், குழந்தை மாதிரி அழுதார். அவள் மறுபடி, இந்தத் தடவை மூக்கை ஒதுக்கிப் பிடித்து, கழுவ ஆரம்பித்தாள். தான் கழுவிக்கொண்டிருந்தது எந்த இடத்தில் முடிந்தது, அதற்குப் பிறகு செய்தது என்ன என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரித்துப் பார்க்கத் தனக்கு விருப்பமும் இல்லை என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

டிஸ்பென்சர் வந்து சேரும் வரைக்கும் அவள் பீலியை விட்டு நகரவில்லை.

*

ஆபிஸிலிருந்து டெலிபோன் போய், தலவாக்கலைப் பொலிஸ் ஜீப் வந்தது. சார்ஜன் வயதான சிங்களவர். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

சோலைமலையை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் பாதி வெள்ளைத் துணி. "வலது கண்ணுக்கு ஒண்ணுமில்ல. இடதும் தப்பலாம். உடனே கழுவினதாலதான்," என்று டிஸ்பென்சர் சொன்னார். நாகலெட்சுமி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் சொட்டியது. விரல்கள் வெந்து வீங்கியிருந்தன. கண் தப்பலாம் என்ற வார்த்தையைக் கேட்டபோது கந்தப்பனின் கழுத்து தப்பியது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

"யாரு செஞ்சது?" சார்ஜன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இத்தன பேரு இருந்தீங்க. யாரு?"

எல்லோரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

"பாக்கலீங்க."

"கொழுந்து நிறுத்துக்கிட்டு இருந்தமுங்க."

"பனிங்க ஐயா."

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சார்ஜன் ஸ்ட்ரெச்சரிடம் குனிந்தார். "நீங்க சொல்லுங்க கணக்கப்புள்ள. யாரு?"

சோலைமலை திறந்த ஒற்றைக் கண்ணைச் சுழற்றினார். அது மரத்தடியில் வந்து நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. ஆசிட் வந்த பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. அவர் உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் தலைமயிரை முறுக்கிய ஒரு கை, கண்ணைப் பிளந்த இரண்டு விரல், மூச்சை அடைத்த தண்ணீர், அதற்கு மேலே ஒரு முகம்.

"இவ," என்றார். "இவதான். என்னயக் கொல்லப் பாத்தா."

"மே கெல்லத?" சார்ஜன் நம்பாமல் அவளைப் பார்த்தார். இந்தப் பெண்ணா?

பின்னால் நின்ற தோட்டத்து மேலதிகாரி கண்டாக்கையா தொண்டையைச் செருமினார். "காலேஜில ஆசிட்டுப் பாடம் படிக்கிற புள்ளைங்க. தகப்பன அடிச்ச கோவம் இருக்கும்."

சார்ஜன் வந்து அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தார். வெந்த விரல்களை நெடுநேரம் பார்த்தார். மஃறூப் ஒரு அடி முன்னால் வந்தான். போத்தல் எந்தக் கராஜிலிருந்து போனது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். நாகலெட்சுமி அவனைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். ஏன் ஆட்டினாள்? யோசிக்க ஒரு நிமிஷம் கிடைக்கும் என்றுதான். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்த நிமிஷத்தை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

"அம்மாகாரி யாரு? நீயா? நீ பாத்தியா?"

மீனம்மா நிமிர்ந்தாள். மகள் அடித்த கன்றல் மணிக்கட்டில் சிவந்திருந்தது. அவள் மகளைப் பார்த்தாள். நாகலெட்சுமி அந்தப் பார்வையைப் படித்தாள். மன்னிப்புக் கேட்கிற பார்வை. செய்யப்போவதற்கு முன்னாலேயே.

"பாத்தேனுங்க ஐயா," என்றாள் மீனம்மா. "இவதாங்க. ஆசிட்டப் பத்தித் தெரிஞ்சவ எங்க வீட்ல இவ ஒருத்திதாங்க."

கூட்டத்தில் ஒருத்தி, "அடிப் பாவி," என்று மூச்சோடு சொன்னாள். மற்றவர்கள் மறுபடி தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

வலிக்கும் என்று நினைத்தாள் நாகலெட்சுமி. வலிக்கவில்லை. சிறு வயதிலிருந்தே தெரிந்த ஒன்றை யாரோ சத்தமாகச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. எழுந்து தானாகவே ஜீப்புக்கு நடந்தாள். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். நனைந்த சேலையைச் சரிசெய்கிறவள் போல நெருங்கி, காதோடு சொன்னாள்:

"நீ பொம்பளப் புள்ளடி. படிச்ச புள்ள. ஒன்னயச் சீக்கிரம் விட்ருவாங்க. அவன விட மாட்டாங்கடி."

"அப்பாகிட்ட என்னாம்மா சொல்லுவ?"

மீனம்மா சேலையை விட்டுவிட்டு டிஸ்பென்சரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஜீப் கிளம்பியது. சார்ஜன் முன்னால், அவளும் ஒரு கான்ஸ்டபிளும் பின்னால். பெரட்டுக்களம் போனது, டிஸ்பென்சரியின் தகரக் கூரை போனது. உள்ளே அப்பா இருந்தார். சனிக்கிழமை வகுப்பு, ஆசிரியை வேலை, கண்ணாடிக் கிண்ணம், எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தன. தம்பிக்காகத்தானே என்று தனக்குச் சொல்லிப் பார்த்தாள். அந்த வார்த்தை உள்ளே எங்கும் ஒட்டவில்லை. கண்ணைக் காப்பாற்றியவள் அவள். அதை யாராவது சொல்ல வேண்டும். யாராவது ஒருவர்.

இரண்டாவது வளைவில் டிரைவர் பிரேக்கை மிதித்தான்.

ரோட்டின் நடுவில் கந்தப்பன் நின்றான். மேட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தேயிலைக்குள்ளால் விழுந்து எழும்பி ஓடி வந்த முழங்கால்களில் இரத்தம். ஒரு கை விரல்கள் வெந்திருந்தன. ஜீப்புக்குள் அக்காவைப் பார்த்தான். அவள் வாய்க் கிழிசலைப் பார்த்தான். அவன் முகம் காலையில் டிஸ்பென்சரியில் பார்த்த அப்பாவையே மறுபடி பார்க்கிற முகமாக இருந்தது.

"கவுத?" சார்ஜன் அவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "யாரது? ஒனக்குத் தெரிஞ்சவனா?"

தெரியாது என்று அவள் சொல்லலாம். அம்மா அதைத்தான் விரும்புவாள். ஒரு நல்ல அக்கா அதைத்தான் சொல்வாள். நாகலெட்சுமி இரத்தம் காய்ந்த உதடுகளை அழுத்தி மூடிக்கொண்டாள். தன் மனதுக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே தியாகம் எதுவும் இல்லை. 'சொல்லுடா' என்று ஒரு குரல் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. 'நீயே சொல்லிருடா.'

கந்தப்பன் வாயைத் திறந்தான்.